அப்பா மாட்டிய பித்தளை வில்லை

எங்கள் அன்புக்குரிய அப்பா, திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். எங்காவது கிணறு வெட்டுவதைக் கண்டால் சாப்பாட்டை மறந்து நின்றுவிடுவாராம். அந்த ஆசையே அவரைச் சுரங்கப் படிப்புக்கும், பிறகு வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கொண்டுசென்றது. மொழி தெரியாத ஊரில் ரொட்டியோடு மல்லுக்கட்டி, படிப்படியாக ஒரு பெரிய சுரங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார்.

சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளி, தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார். அங்கே அதிகாரிகளுக்கு அந்த வழக்கம் இல்லை. அப்பா பொறுப்பேற்ற அன்று முதல் வேலையாகத் தன் வில்லையை மாட்டினார். மற்ற அதிகாரிகளும் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்கள். ஒருமுறை சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தபோது, எல்லோரும் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். பலகையில் ஒரு வில்லை மிச்சமிருந்தது. அப்பா இரண்டு பேரோடு திரும்பவும் இறங்கி, கால் முறிந்து கிடந்த தொழிலாளியைத் தூக்கிக்கொண்டுதான் மேலே வந்தார்.

ஓய்வுபெற்றுத் திண்டிவனத்தில் வீடு கட்டியபோது, கதவருகே அதே மாதிரி ஒரு பலகை வைத்தார். வீட்டில் ஆளுக்கொரு வில்லை, விருந்தாளிக்கும் ஒன்று; வெளியே போகும்போது மாட்டி, வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். விழுப்புரத்தில் வேலை பார்த்த எனக்கு பஸ் தாமதமானால், என் வில்லையைப் பார்த்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். விருந்துக்கு வந்த மாமா ஒருநாள், "இன்னாக்கா இது, டீ குடிக்கப் போறதுக்குக்கூட உங்க ஊட்ல டூட்டியா?" என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டார். ஆனால் மாட்டிவிட்டுத்தான் போனார்.

நாட்டின் சுரங்கத் துறைக்கு வழிகாட்டிய முன்னோடிகளைச் சென்னையில் கௌரவிக்கிறோம் என்று அப்பாவையும் அழைத்தார்கள். அப்போது அவர் இதயம் மிகவும் பலவீனமாக இருந்தது. பயணமே கூடாது என்றார் விழுப்புரத்து டாக்டர். அப்பாவோ வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பயம்தான், ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"போயிட்டு வாங்க. ஆனா வில்லையை நீங்களேதான் வந்து எடுக்கணும், சொல்லிட்டேன்."

மேடையில் பொன்னாடையோடு நின்ற அப்பா, தன்னோடு தண்ணீரில் இறங்கிய அந்த இருவரின் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். வீடு திரும்பியதும் பொன்னாடையைக்கூடக் கழற்றவில்லை. வில்லையை எடுத்து அம்மாவிடம் காட்டினார்.

"பாத்தியா, வந்துட்டேன்!"

அந்த வாரமே தூக்கத்தில் எங்களைப் பிரிந்தார்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, தம்பி அழுதுகொண்டே அவருடைய வில்லையைப் பலகையில் மாட்டப் போனான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டா கண்ணு. மாட்டினா, வருவாருன்னு நான் பாத்துக்கினே இருப்பேன்."

வடக்கிலிருந்து காரியத்துக்கு ரயிலேறி வந்த அப்பாவின் பழைய தோழர்களுக்கும், கடைசிவரை வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய தெருக்காரர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அப்பாவின் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்டு புறப்படும் நீங்கள், வீடு சேர்ந்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். எல்லோரும் சேர்ந்துவிட்ட சேதி வரும்வரை அம்மா சாப்பிட மாட்டார்.