ஏளா என்று கூப்பிட்ட மதில்

போன ஜனவரியில் தூத்துக்குடிக்குப் போய் வந்தேன். வேலை எதுவும் இல்லை. தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு மதில், அதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் ஒரு பெண். பக்கத்தில் ஆளுயர எழுத்தில், "ஏளா, சைக்கிள எடுளா!" அவ்வளவுதான், டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஏளா என்பது எங்கள் ஊரில் பெண்ணை உரிமையோடு கூப்பிடும் சொல். நான் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள். அம்மா இறந்தபின் என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. இன்னொரு தடவை காதால் கேட்கமாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் போனேன்.

இரவு எழும்பூரில் ரயில் ஏறினால் காலையில் தூத்துக்குடி. வாடகை சைக்கிள் மணிக்கு முப்பது ரூபாய். கடைக்கார அண்ணாச்சி, "மேடம், பிரேக்கு கொஞ்சம் மெதுவாத்தான் பிடிக்கும், பாத்துக்கிடுங்க" என்றார்.

"நானும் இந்த ஊருதான் அண்ணாச்சி."

"அப்படியா? பேச்சு மெட்ராஸ் பேச்சால்லா இருக்கு!"

சுருக்கென்றது. பிறந்த ஊரிலேயே மேடமா!

மதில் நான் நினைத்ததைவிட நீளம். உப்பளம், தோணி, நடந்து போகும் குடும்பம் என்று தெருக்காரர்களே வரைந்திருக்கிறார்கள். ஓர் அம்புக்குறிக்குக் கீழே, "கடல் அங்கன. ஒரு கதை பேசி முடிக்கதுக்குள்ள நடந்துரலாம்." வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உப்புக்காற்றில் உரிந்த இடத்துக்குச் செல்வி என்ற பெண் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். எழுதியது யார் என்று கேட்டேன்.

"நாங்கதான் மேடம். மொதல்ல 'பெண்களே, மிதிவண்டி ஓட்டுவீர்'னு எழுதுனோம். ஒருத்தியும் திரும்பிப் பாக்கல. ஏளான்னு மாத்துனோம். இப்ப போறவ வாறவ எல்லாரும் தன்னயத்தான் கூப்பிடுதுன்னு நின்னு பாக்காளுவ."

நானும் அப்படி நின்றவள்தான். ஆனால் சுவர் கூப்பிட்டால் போதுமா? மனசு கேட்கவில்லை. அவளிடம் கேட்டு வாங்கவும் கூச்சம். சைக்கிளில் ஏறினேன். பழக்கம் விட்டுப்போய் வண்டி நடுரோட்டுக்கு இழுத்தது. எதிரே மீன் லோடு ஆட்டோ. பிரேக்கை அழுத்தினால், அண்ணாச்சி சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"ஏளா! ஓரமாப் போளா, கண்ணு தெரியலையா!"

செல்விதான் கத்தினாள். எப்படியோ காலை ஊன்றி நிறுத்திவிட்டேன். ஓடிவந்தவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. "தப்பா எடுத்துக்கிடாதீங்க மேடம், பதட்டத்துல வாயில வந்துட்டு" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு மட்டம் கூப்பிடுளா" என்றேன். தடவையை மட்டம் என்கிற அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்து எத்தனை காலமாயிற்று!

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், வெயில் பொல்லாதது. தண்ணீர் கொண்டுபோங்கள். சைக்கிள் எடுத்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். என்னைப் போல வெளியூரில் மேடமாகிக் கிடக்கும் தூத்துக்குடிக்காரி யாராவது இதைப் படித்தால், உனக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஏளா, ஒரு மட்டம் வந்துட்டுப் போளா.