நம்பர் இல்லாத பீஸ்

கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பட்டப்பகலில் தாழ்ப்பாள் போடுகிற ஆள் இல்லை அவர். துண்டில் சுற்றி வைத்திருந்த எதையோ மேசைமேல் பிரித்துக் காட்டினார். சின்னதாக ஒரு ரிவால்வர். என் கைக்குள்ளேயே அடங்கிவிடும்போல இருந்தது.

"செக் பண்ணிச் சொல்லு. குடுக்கிற துட்டுக்குத் தேறுமா?" என்றார்.

நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். பீஸைப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிப்பதுதான் வேலை. அதில் சேர்ந்த நாளில் இருந்து வீட்டுக்கு எது வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். குக்கர், மிக்ஸி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய பழைய ஸ்கூட்டர்கூட வந்திருக்கிறது. மனுஷன் இதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. தெரியும். போன வருஷம் ஒரு சின்னத் தொழிற்சாலையின் ஸ்கிராப் கான்ட்ராக்ட் அவருக்குக் கிடைத்தது. மிஷினில் இருந்து விழுகிற இரும்புச் சுருள், வெட்டி மிஞ்சிய தகடு, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் விற்கிற வேலை. வெளியூர்க்காரர்களுக்கு அது குப்பை. எங்கள் பக்கத்தில் அந்தக் குப்பைக்காக ஆளையே வெட்டுவார்கள். முன்பு அதை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர், சுங்குவார்சத்திரம் டீக்கடையில் இவரைப் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து, காசும் அவர்களே கொடுத்து, எங்கள் மகளுடைய ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருக்கிறார்கள். மிரட்டவே இல்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு அந்தப் பயம் இப்படி வேலை செய்திருக்கிறது. வாலாஜாபாத் தாண்டி எங்கேயோ யாரோ ஒருவன், பார்த்துவிட்டுச் சொல்லு என்று கொடுத்து அனுப்பியிருக்கிறான். பைக் விலைகூட இல்லை, சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது என்று இவர் பெருமையாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சத்தம் போட்டால் வீம்புக்கு வைத்துக்கொள்வார். அதனால் ஒரு முடிவு செய்தேன். பார்க்கிற மாதிரி பார்த்து, சொத்தை என்று சொல்லிவிடுவது. என் பேச்சில் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பழகினவர் அவர்.

ஜன்னலோரம் எடுத்துப் போனேன். ஏதோ பட்டறையில் அடித்த தகரமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. விளிம்பெல்லாம் விரலைக் கீறாமல் மழுங்கி இருந்தது. சுழலுகிற உருளையை அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. கைப்பிடியில் ஸ்க்ரூ இறங்கின இடம் சுத்தமாக இருந்தது. குறை தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒரு இடத்தில் மட்டும் கிரைண்டர் போட்டு எதையோ அழித்திருந்தார்கள்.

"நம்பர் இல்லாத பீஸ் எங்க லைன்ல உள்ளயே வராது" என்றேன். நம்பர் இல்லாவிட்டால் எங்கே செய்தது, யார் செய்தது, எதுவும் தெரியாது. பொருள் தங்கமாகவே இருந்தாலும் ரிஜெக்ட்தான்.

அதனால்தான் விலை கம்மி என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வேறு குறை வேண்டுமே. எங்கள் லைனில் துளை உள்ள பாகம் வந்தால் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, துளையில் கண்ணை வைத்துப் பார்ப்போம். உள்ளே பிசிறு, தூள் ஏதாவது நின்றால் தெரிந்துவிடும். ஒரு ஷிஃப்டில் எத்தனையோ தடவை செய்கிற காரியம், கை தானாகச் செய்யும். அப்படியே செய்தேன். குழலை ஜன்னல் பக்கம் திருப்பி, பிறகு என் பக்கம் திருப்பி, கண்ணோடு ஒட்டிப் பார்த்தேன். உள்ளே மங்கலாக ஏதோ பளபளத்தது.

"உள்ள இன்னாவோ அடைச்சினு கீது" என்று சொன்னேன். ஒரு குறை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. அடைத்துக்கொண்டிருந்தது குண்டு.

அதை எப்படி மேசைமேல் வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கீழே போட்டால் வெடிக்குமோ, வைத்தால் வெடிக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்திருப்பேன். பிறகு தள்ளிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் அதைக் காலி என்று நினைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேடும் பள்ளமுமான ரோட்டில் பைக்கில் வந்திருக்கிறார்.

கொடுத்தவனுக்குப் போன் போட்டார். அவன் சிரித்ததைத் தள்ளி உட்கார்ந்திருந்த நானே கேட்டேன். குண்டு ஃப்ரீ, வாங்குகிறவர்களுக்கு அவன் செய்து கொடுக்கிற சலுகையாம். எப்படி வெளியே எடுப்பது என்று இவருக்குக் கேட்க வெட்கம், கேட்காமலே போனை வைத்துவிட்டார். எனக்கும் தெரியாது. பொருள் நல்ல பொருளா என்று பார்க்கத் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடப் பயந்து ஆளுக்கொரு மூலையில் நின்றோம். மகள் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வந்ததும் அந்த மேசையில்தான் பையை வீசுவாள்.

"இப்ப சொல்லு, எப்படி கீது?" என்று கேட்டார்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. "பொருளு ஓகேங்க. நாமதான் ரிஜெக்ட்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நீ வாணாம்னு சொல்லுவேன்னுதான் உன்னாண்ட எடுத்தாந்தேன்" என்றார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை, துண்டை எடுத்து நீட்டினேன். குழந்தையைச் சுற்றுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் சுற்றி, என் சாப்பாட்டுப் பையில் வைத்து, பைக் டேங்க்மேல் வைத்துக்கொண்டு போனார். மகள் வந்தாள், பால் குடித்தாள், வீட்டுப் பாடம் எழுதினாள். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் நான் வாசலுக்குப் போய் வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வெறும் பையோடு வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். அவர் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடக்கூட எழுந்து வரவில்லை. மகள் தூங்கிய பிறகு, அவன் கோபப்பட்டானா என்று மெதுவாகக் கேட்டேன்.

"கோவமே இல்ல. நீ வாணாம்னா போ, வேற பார்ட்டி கேட்டுக்கினு கீதுன்னான்." எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டியில ரெண்டு பேரு வெளிய நின்னுகினு இருந்தாங்க. எனக்கு டீ வாங்கிக் குடுத்தவங்க."

மறுநாள் காலையில் அவரே போய் கான்ட்ராக்டை விட்டுவிட்டு வந்தார். இப்போது ஒரு கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். யாரும் வந்து கேட்கவில்லை, மிரட்டவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. பட்டறைத் தகரமாக இருந்திருந்தால் சுடும்போது சிக்கிக்கொள்ளும் என்றாவது மனசைத் தேற்றிக்கொள்வேன். அதுவும் முடியாது. அதை முழுசாகச் சோதித்துப் பார்த்து ஓகே சொன்னது நான்தான்.