மாப்பிள்ளையின் தாடை

என் வீட்டுக்காரர் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளைதான் கீழே நின்று சைகை காட்டுகிறவர். அவரோ லொடலொடவென்று பேசிக்கொண்டே இருப்பார்.

கிடங்கு இரைச்சலில் யார் பேச்சும் காதில் விழாது. கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினால்தான் பாரத்தைத் தூக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை பார்த்ததில் இவர்களுக்குக் கை தேவைப்படவில்லை. முதலில் ஒரு விரல் போதும் என்றாயிற்று, பிறகு மாப்பிள்ளை தாடையை லேசாக உயர்த்தினாலே இவர் தூக்கிவிடுவார். நீங்கள் அவரையே கட்டியிருக்கலாம் என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

அன்று சங்கிலி சரியாக மாட்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை கவனிக்காமல் தாடையை உயர்த்தினார். இவர் தூக்கினார். கம்பிக்கட்டு சரிந்து லாரியின் முன்பக்கத்தை நசுக்கியது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார்.

விசாரணையில் சுமை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் கை உயரவே இல்லை என்றார்கள். அது உண்மைதான். மேனேஜர் மாப்பிள்ளையைக் கேட்டார்.

"நான் சிக்னலே குடுக்கல சார். அவராத் தூக்கிட்டாரு."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தார் இவர். வீட்டுக்கு வந்ததும், உங்களுக்கு வாயில்லையா என்று கத்தினேன்.

"அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். அவரே சொல்லிடுவாருன்னு நெனச்சேன்."

கிரேன் வேறொருவர் கைக்குப் போயிற்று. இவரை வாசலில் உட்கார்த்தி லாரிகளுக்குக் கதவு திறக்க வைத்தார்கள். கிரேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் கை தானாக லீவரைத் தேடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பெண்டாட்டியோடு வந்தார். அந்த லொடலொட வாய்க்கு அன்று பூட்டு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்திருந்தவர், மெல்லத் தாடையை உயர்த்தினார். விட்டுவிடுங்கள், பழையபடி இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். எனக்கே புரிந்தது, இவருக்கா புரியாது?

இவர் நிதானமாகத் தன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கையத் தூக்கிக் காட்டுங்க மாப்ள. எனக்கு இப்பல்லாம் தாடை தெரியறதில்ல."