சிடி பிளேயரின் குட்டித் திருகு

எல்லாம் தெரிந்தவன்போல் பேசும் கொழுந்தனை எனக்கு ஆகவே ஆகாது. புக்கிட் பெலண்டோக் எஸ்டேட் வீட்டில், சாமி படங்களுக்குக் கீழே இருந்த சிடி பிளேயர் விட்டு விட்டுப் பாடியது. அவன் மூடியைக் கழற்றினான்.

“லேசர் வீக்காயிருச்சு அண்ணி. பவர கொஞ்சம் ஏத்தி வுட்டா போதும் லா,” என்று லேசருக்குப் பக்கத்திலிருந்த குட்டித் திருகைத் திருப்பினான்.

மூன்று நாள் அருமையாகப் பாடியது. நான்காம் நாள், ஏற்றிய பவர் தாங்காமல் லேசர் எரிந்தே போனது.

“தொட்டதெல்லாம் நாசமாக்குற கை ஒனக்கு!” என்று சொந்தக்காரர்கள் முன்னால் கிழித்தேன்.

அவன் போனபின் லேசரின் லென்ஸைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். பஞ்சு கறுத்தது, சாம்பிராணி வாசம் அடித்தது. முதலிலேயே துடைத்திருந்தால் போதும், திருகைத் தொட்டிருக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே புகை போட்டவள் நான்தான்.

பஞ்சை அடுப்பில் போட்டேன். தீபாவளிக்கு வந்தவனை மறுபடியும் அதையே சொல்லித் திட்டினேன்.