பதினேழாம் ஆணி

சபையில் எழுந்து நின்று இந்தச் சாட்சியைச் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பொய் இல்லை.

போன வருஷம், லெந்து உபவாச நாட்கள் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். என் தங்கை எஸ்தரின் புருஷன் டேனியலை என் கையாலேயே சாவின் வாசல்வரை அனுப்பினேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

கோலார் தங்கச் சுரங்கப் பக்கம் சாம்பியன் ரீப்ஸில் எனக்கு டூவீலர் மெக்கானிக் கடை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வண்டி என்றால் உயிர். மெயின் ரோட்டில் பந்தயம் விடுவார்கள். அப்படி விட்ட ஒரு பையன் லாரியில் மோதிச் செத்தான். அவனுடைய வண்டிக்கு முந்தின வாரம்தான் நான் கார்புரேட்டர் சுத்தம் செய்து கொடுத்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அவன் அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ஓட்டித்தான் தீருவார்கள் என்றால் பாதுகாப்பாக ஓட்டட்டும்.

பெரிய சங்கங்கள் நடத்துகிற ரேஸ் இருக்கிறது. அதற்கு லைசென்ஸ், ரேஸ் உடுப்பு, பெரிய ஊருக்குப் போய் வருகிற செலவு. எங்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எட்டாது. ஊருக்கு வெளியே வீடே கட்டாமல் கிடந்த ஒரு லேஅவுட்டில் நேரான தார் ரோடு இருந்தது. இடத்துக்காரரைக் கேட்டு நாங்களே நடத்த ஆரம்பித்தோம். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள், அதைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு இரண்டு வண்டியாக நிற்கும். நான் கொடியை இறக்கினால் கிளம்பும். இருநூறு மீட்டர்தான். ஹெல்மெட் இல்லாதவனுக்கு இடமில்லை. ஆரம்பிக்கும்போது நான் ஜெபம் செய்வேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற பிள்ளைகளும் நான் ஆமென் சொல்லும்வரை தலை குனிந்து நிற்பார்கள்.

அந்த ரோட்டில் ஒரு ஆபத்து இருந்தது. இருநூறு மீட்டர் முடிந்ததும் ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கும். வண்டிகள் வேகம் குறைந்து நிற்கிற இடம் அது. கொடி பிடிக்கிற இடத்திலிருந்து அங்கே ஆள் இருந்தால் தெரியாது. அதற்காகத்தான் டோக்கன் போர்டு வைத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் போர்டு ஆணியிலிருந்து ஆளுக்கொரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். மேலே வந்ததும் அவரவர் டோக்கனைத் திரும்ப மாட்டுவார்கள். ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடாமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். என் அப்பா அப்படி இறங்கி ஏறினவர். எங்களிடமும் அதே முறைதான். கயிற்றைத் தாண்டி ரோட்டுக்குள் வேலையாக நடந்து போகிறவன் தன் டோக்கனை எடுக்க வேண்டும். திரும்பி வந்தால் தானே மாட்ட வேண்டும். போர்டு நிறைந்தால்தான் கொடி இறங்கும். ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொடவே கூடாது. இந்தச் சட்டத்தை மாதா மாதம் நானே கத்திச் சொல்வேன்.

டேனியலின் ஆணி பதினேழு. அவன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். தினமும் விடியற்காலை ரயில். வாரத்தில் ஒருநாள் லீவு கிடைத்தால் அதையும் எனக்காகக் கொண்டுவந்து கொடுப்பான். ரோடு பெருக்குவது, தார் கல் பொறுக்குவது எல்லாம் அவன்தான்.

அன்றைக்கு ஒரு தடவை பெருக்கிவிட்டு வந்து, டோக்கனைப் போர்டுக்குப் பக்கத்து மேஜைமேல் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அதற்குள் நான் கூப்பிட்டேன்.

"மாப்ள, பள்ளத்துல எண்ண ஊத்திக் கீதாம். கொஞ்சம் மண்ணள்ளிப் போட்டுட்டு வந்துடு."

"இன்னா மச்சான் நீ? கல்யாணத்துல ஒரு மோதிரம் போட்ட. அதுக்கு இன்னும் எத்தினி வருசம் கூலி வேல செய்யணும் நானு?"

"மோதிரத்த திருப்பிக் குட்டுடு, வுட்டுட்றேன்."

"உன் தங்கச்சியையும் சேத்து வாங்கிக்கிறியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே மண் அள்ளுகிற இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். டோக்கன் மேஜையிலேயே கிடந்தது. அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை. ஆணி காலியாகத்தானே இருந்தது.

அப்போது இரண்டு பேர் எந்தப் பக்கம் யார் நிற்பது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அதைத் தீர்த்துவைக்கக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. கடைசி ஜோடி நின்றது. அதில் ஒருவன் மைசூர் மைன்ஸ் ஏரியா முரளி. நல்ல பிள்ளை.

"அண்ணா, இஞ்சின் சூடாவுதுணா. பேகா, சீக்கிரம் எறக்குணா!"

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "இன்னாணா, போர்டுக்குப் பூஜ போட்றியா? கொடிய எறக்கு!"

திரும்பிப் பார்த்தேன். பதினேழாம் ஆணி காலி. மேஜைமேல் டோக்கன். இவன் எப்பவும் இப்படித்தான், வந்து மாட்ட மறந்துட்டான் என்று நினைத்தேன். அவனைப் பள்ளத்துக்கு அனுப்பினதே நான்தான் என்பது என் நினைவில் வரவே இல்லை. டோக்கனை எடுத்தேன். மாட்டினேன். போர்டு நிறைந்தது. கொடியை இறக்கினேன்.

சத்தம்தான் முதலில் கேட்டது. இஞ்சின் சத்தம் நின்ற விதமே வேறாக இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மண்சட்டி ஒரு பக்கம், டேனியல் ஒரு பக்கம். முரளி அடிபட்ட தன் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் பாக்கலணா, நான் பாக்கலணா" என்று அழுதுகொண்டிருந்தான். டேனியலின் வலது கால் இருந்த கோலத்தை எழுத எனக்கு மனமில்லை. தலையிலும் அடி. கூப்பிட்டேன். பதில் இல்லை.

கோலாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐ.சி.யூ. பிழைத்தாலும் நினைவு திரும்புமா என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். எஸ்தர் அழவில்லை. இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றாள். நின்றபடியே இருந்தாள்.

பிறகு ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். "டோக்கன் போர்டுல கீதே. மாட்டிட்டு எதுக்குயா திரும்ப உள்ள போனான்?" என்றார்கள். "இம்மா வருசம் இருந்தும் சட்டம் தெரிலியே" என்றார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. போலீஸில் கேட்டபோதும், "போர்டு நிறைந்திருந்தது" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். அதைவிடப் பெரிய பொய்யை என் ஆயுசில் நான் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ மனசு ஒடஞ்சி போவாதண்ணா. இவருக்கு எப்பவும் கவனம் கெடையாது. இவர் செஞ்ச தப்புக்கு நீ இன்னா பண்ணுவ?"

அன்றைக்கு நான் செத்திருக்கலாம்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சபையில் டேனியலுக்காக முழங்காலில் நின்றார்கள். ஒரு சகோதரர், "ஆண்டவரே, அவருடைய கவனக்குறைவை மன்னியும்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு ஆமென் வரவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க உட்கார்ந்தேன். "ஆண்டவரே" என்ற வார்த்தைக்கு மேல் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடினால் பித்தளை டோக்கன்தான் தெரிந்தது. முப்பது வருஷமாக ஜெபிக்கிறவன் நான். ஜெபம் நின்றுபோவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சுரங்க ஷாப்டில் ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டு பாதியில் நின்றுவிட்டதைப் போல. மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது.

ஐந்தாம் நாள் மத்தியானம். எஸ்தருக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே கொட்டிவிட்டேன்.

"எஸ்தரு, அந்த டோக்கன அவன் மாட்டலம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் மாட்னேன். நான்தான் அவனைப் பள்ளத்துக்கு அனுப்பிச்சதும். மறந்துட்டேன்."

எஸ்தர் கேட்டாள்: "நீயா?"

"நான்தான்."

"நான் அவர்மேல பழி சொல்லிக்கினு கீறேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருந்த."

அவள் கையை நீட்டினாள்.

"அந்த டோக்கன் எங்க?"

போர்டிலிருந்து கழற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். டிபன் கேரியரைத் திறக்காமலே என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். "அப்பா இருந்தா உன் கைய ஒடிச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் பேசவில்லை.

நான் அந்தப் பெஞ்சிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஜெபம் வந்தது. போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமில்லை. "ஆண்டவரே, எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட இப்போது நேரமில்லை. அந்த இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவைக் கொடும். எப்படியாவது கொடும்." அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததை மாற்றி எழுதிக் கொடுத்தேன். பிறகு முரளியின் வீட்டுக்குப் போய், "உன்மேல தப்பில்லடா, என் மேலதான்" என்றேன். கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருந்த அந்தப் பிள்ளை என் மடியில் விழுந்து அழுதான்.

உண்மையைச் சொன்னதும் உடனே அற்புதம் நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் டேனியலின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். "இதற்குத்தானா சொல்லவைத்தீர்?" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். ஆனால் ஒன்று. சண்டை போடவாவது வாய் திறந்ததே. ஜெபத்தை விடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் டேனியல் கண் திறந்தான்.

நர்ஸ் என்னையும் உள்ளே விட்டார். அவன் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"மண்ணு போட்டுட்டேன் மச்சான்" என்றான். "வண்டி வுடலாம்."

என் ஆயுசில் நான் கேட்டதில் மிகவும் பயங்கரமான வார்த்தையும் அதுதான், இனிமையான வார்த்தையும் அதுதான். நான் கேட்ட அப்பாவை ஆண்டவர் அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கொடுத்தார். காலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதமாட்டேன்.

அவனுக்குத் தெம்பு வந்தபிறகு அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "ரெண்டு நாள் இந்தப் பக்கம் வராத மச்சான்" என்றான். மூன்றாம் நாள் அவனே ஆள் அனுப்பினான்.

ரேஸை நிறுத்திவிட்டேன். எல்லோரையும் அதே லேஅவுட்டுக்கு வரச்சொல்லி, வண்டி இல்லாமல் நிற்கவைத்து, நடந்ததைச் சொன்னேன். கேஸ் நடக்கிறது. என்ன தீர்ப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். டேனியலால் இப்போது விடியற்காலை ரயில் ஏறமுடியாது. என் கடையில் உட்கார்ந்தபடியே கார்புரேட்டர் வேலை செய்கிறான். செயற்கைக் கால் பழகுவதற்கு வாராவாரம் முரளிதான் அவனைக் கூட்டிப்போகிறான். "இருவதுக்கு மேல ஓட்டமாட்றான் மச்சான். மாட்டு வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்" என்று டேனியல் சிரிப்பான். சில நாள் சிரிக்கமாட்டான். இல்லாத கால் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு நானும் சாப்பிடமாட்டேன்.

எஸ்தர் மட்டும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் அனுப்பினேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது. போர்டை என் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தேன். இருபத்தொன்பது டோக்கன், ஒரு காலி ஆணி. காலையில் எழுந்ததும் அந்த ஆணியைப் பார்த்துத்தான் ஜெபிப்பேன். ஒரு ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று எனக்குத் தெரியும். வராத ஆள் நானா, என் தங்கையா என்பதுதான் தெரியாது.

இந்த ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் முரளியின் வண்டிச் சத்தம். டேனியல் ஊன்றுகோலோடு இறங்கினான். அவன் பின்னால் ஆட்டோவிலிருந்து எஸ்தர் இறங்கினாள். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். எஸ்தர் உட்காரவில்லை. நேராகப் போர்டுக்கு முன்னால் போய் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பழக்க தோஷம், நான் கையை நீட்டிவிட்டேன்.

"நீ தொடாதண்ணா" என்றாள். "அவரே மாட்டட்டும்."

ஒரு வருஷம் கழித்து அண்ணா என்றாள்.

டேனியல் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கினான். இரண்டு தடவை தவறியது. நாங்கள் யாரும் உதவி செய்யவில்லை. மூன்றாம் தடவை மாட்டிவிட்டான்.

"வந்துட்டேன் மச்சான்" என்றான்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஜெபமும் எங்கேயாவது பாதியில் நின்றுகிடந்தால், ஆண்டவர் கேட்கவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். சொல்லாமல் மறைத்துவைத்திருப்பது எது என்று பாருங்கள். அதை அவரிடம் சொல்லுங்கள். யாருக்குச் சொல்லவேண்டுமோ அவர்களிடமும் சொல்லுங்கள். அதற்காக இழந்ததெல்லாம் திரும்பி வந்துவிடாது. என் மாப்பிள்ளையின் கால் வரவில்லை. ஆனால் காலியாக இருக்கிற ஆணியை நம் கையால் நிரப்பிவிட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நாம் கொடியை இறக்கிவிடுவதைப்போல அவர் செய்யமாட்டார். வராத ஆளைத் தேடிக்கொண்டு இறங்கிவருவார். என்னைத் தேடி வந்தார். அவருக்கே தோத்திரம்.