இரண்டாந்தரம் கேட்காத ஊர்

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலைபார்க்கும் ஒருவரை மெல்பேர்னில் சீனச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. எனக்கு அது அன்று தோன்றவில்லை. எழுபதுகளின் நடுவில் அங்கே ஒரு பொறியியல் அலுவலகத்தில் பாலங்கள் வரைந்துகொண்டிருந்தேன். எதையும் முதல் நாள் கற்று மறுநாளே பிறருக்குக் காட்டிவிடும் அவசரம் எனக்கு. இரண்டு பென்சில்களால் அழிறப்பரைத் தூக்கிப் பழகி, சீனக் குச்சியில் தேறிவிட்டதாக நினைத்திருந்தேன்.

வந்தவர் சும்மா விருந்தாளி அல்ல. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ரயிலில் ஒருமுறை ஒரு பெண்ணைக் கண்டிருந்தேன். தன் யன்னலோர இடத்தை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வந்தாள். நான் எழும்பி என் இடத்தைக் கொடுத்தேன். "வேண்டாம், நிப்பன்" என்றாள். நான் திரும்ப அதிலேயே இருந்துவிட்டேன். ஆனால் மறக்கவில்லை. ஊர் விசாரித்து, வீட்டுக்குச் சொல்லி, பேச்சு சாதகம் பொருந்துகிற அளவுக்கு வந்திருந்தது. இனி அவளுடைய அண்ணன் என்னை நேரில் பார்த்துச் சரி சொல்லவேண்டும். கப்பல் அலுவலாக அவர் மெல்பேர்ன் வந்தது வசதியாகப் போயிற்று.

விரதமில்லாத நாளாகப் பார்த்து, புதன்கிழமை பின்னேரம் சீனக் கடைகள் நிறைந்த லிட்டில் பேர்க் தெருவுக்குப் போனோம். முழு மீன் ஒன்று அவித்து, மேலே இஞ்சி தூவி வந்தது. தொல்லை அங்கேதான் தொடங்கியது. நான் இருக்கும் ஊர், ஆகவே உபசரிக்கவேண்டியவன் நான். அவர் பெண் வீட்டுக்காரர், மாப்பிள்ளைப் பக்கத்தை உபசரிக்கவேண்டியது அவர். ஒரு மேசைக்கு இரண்டு வீட்டுக்காரர், விருந்தாளி எவருமில்லை.

"எடும் தம்பி."

"நீங்கள் முதல் எடுங்கோ, அண்ணை."

"நான் அங்கை நெடுக உதுதானே தின்னுறன். நீர் சாப்பிடும்."

சொல்லிக்கொண்டே குச்சியால் மீனின் நல்ல பக்கத்தைப் பூப்போல எடுத்து என் தட்டில் வைத்தார். பதிலுக்கு நான் எடுத்த துண்டு வழுக்கி மேசை விரிப்பில் விழுந்தது. அவர் சுவரில் இருந்த நாட்காட்டியை ஆர்வமாகப் பார்த்தார்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார். நான் இன்னும் கொஞ்சம் வைக்கப்போக, "காணும் தம்பி" என்று தட்டைக் கையால் மறைத்தார். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது மரியாதையில்லை என்று அலுவலகத்தில் புதிதாகக் கற்றிருந்தேன். எவ்வளவு நாகரிகமான பழக்கம் என்று வியந்தும் இருந்தேன். அதனால் கையை எடுத்துவிட்டேன். வந்தவர் நிறுத்திய பிறகு நான் மட்டும் எப்படித் தின்பது? "எனக்கும் காணும்" என்றேன்.

பரிமாறுபவர் வந்து மீனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முடிந்ததா என்று கேட்டார். இரண்டு பேரும் தலையாட்டினோம். ஒரு பக்கம் தொடாத மீன் குசினிக்குத் திரும்பியது. அண்ணனின் கண் கதவு வரை அதனோடு போனது. என்னுடையதும்.

வெளியே தூறல். அவர் டிராம் தரிப்பிடத்தை நோக்கி விறுவிறென்று போனார். என்னைப் பிசினாறி என்று தீர்மானித்திருப்பார், சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு கிரேக்கரின் மீன் பொரியல் கடை. அந்த எண்ணெய் மணத்தில் அவர் நின்றுவிட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். பசிக்கேல்லையே உமக்கு?"

"பசிக்குது, அண்ணை. நீங்கள் காணும் எண்டியள்..."

"நான் காணும் எண்டால் நீர் உடனை விடுறதே? இன்னொருக்கால் கேட்டிருந்தால் அந்த மீனிலை முள்ளுத்தான் மிஞ்சியிருக்கும்."

"இஞ்சை இரண்டாந்தரம் கேக்க மாட்டினம், அண்ணை."

"நல்ல ஊர்தான்" என்றார்.

பொரித்த மீனும் கிழங்கும் செய்தித்தாளில் சுற்றி வாங்கி, தரிப்பிட வாங்கில் உட்கார்ந்து நடுவே விரித்தோம். இந்தமுறை எவரும் எவருக்கும் பரிமாறவில்லை. கையால் பிய்த்து, ஊதி ஊதித் தின்றோம். ஒரு டிராம் வந்து எங்களை ஏற்றாமலே போனது.

தின்னும் வேகம் குறைந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தங்கச்சியும் என்னைப்போலத்தான். எதைக் கேட்டாலும் முதல் வேண்டாம் எண்டுதான் சொல்லுவாள். காய்ச்சலிலை கிடந்தாலும் ஒண்டுமில்லை எண்டுவாள். வீட்டிலை அம்மா இருக்கிறா, நாங்கள் இருக்கிறம், திருப்பித் திருப்பிக் கேப்பம். இஞ்சை ஆர் கேக்கிறது?"

ரயிலில் நின்றுகொண்டு வந்தவளை நினைத்தேன். யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம். அவளுக்குக் கால் நோகவில்லை என்று நான் எதை வைத்து முடிவுசெய்தேன்?

தாளில் மிஞ்சியிருந்த மீன் துண்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"எடுங்கோ, அண்ணை."

"காணும்."

"எடுங்கோ."

"காணும், நீர் தின்னும்."

"ஆறப்போகுது, அண்ணை. எடுங்கோ."

எடுத்தார். ஆறுதலாகத் தின்று முடித்து, சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரலைத் துடைத்தார்.

"அவள் குளிர் தாங்கமாட்டாள்" என்றார். "தை மாசம் இஞ்சை குளிரே?"

"இல்லை, அண்ணை. தையிலை நல்ல வெயில்."