கங்காணி முகத்து முனியாண்டி

பேத்தியின் பாடப்புத்தகத்தில் ஒரு எகிப்து ராஜாவின் சிலையும் அவர் கும்பிட்ட சாமியின் சிலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே முகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் லாயாங் லாயாங் என்ற ஊருக்கு அருகே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் நினைவுக்கு வந்தது.

கூலிகளை வேலை வாங்கும் பெரிய கங்காணி, தோட்டத்துக் கோயிலில் புது முனியாண்டி சிலை வைத்தார். சாம்பிராணிப் புகை விலகியதும் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். அம்மா மட்டும் உற்றுப் பார்த்தாள்.

“இந்த மீசை, இந்த மூக்கு... நம்ம கங்காணி மூஞ்சிதானே?”

“வாய மூடு புள்ள, சாமி குத்தம்!” என்று அப்பா பதறினார்.

“சாமி குத்தமா, கங்காணி குத்தமா?”

அது கங்காணி காதில் விழுந்தது. மறுநாளே அம்மாவை அட்டைகள் மொய்க்கும் சதுப்புப் பக்கம் பால் வெட்ட அனுப்பினார். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு கும்பிட்டாள். போகப்போக கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் எல்லோரும் அப்படியே கும்பிட்டார்கள். சிலையருகே நின்ற கங்காணி, மூடிய கண்களை ஒவ்வொன்றாகச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.